அசோகவனம் இன்னும் தேடப்படவில்லை

சுந்தரகாண்டத்தை நித்திய பாராயணமாகக் கொண்ட அன்பர்கள் நம்மிடையே ஏராளம். அறுபத்தெட்டு சருக்கங்கள் கொண்ட அந்தக் காண்டத்தில் அனுமன் கடலைத் தாண்டும் இடத்தைக் குரலுயர்த்திப் படிப்போம். கணையாழியைப் பிராட்டியின் திருக்கரத்தில் சேர்ப்பிக்கும் இடத்தில் கண் கலங்குவோம். இலங்கை தீப்பற்றி எரியும் இடத்தில் உள்ளம் துள்ளுவோம். இவற்றுக்கு நடுவே, பதின்மூன்றாம் சருக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நம்மில் பலர் சற்று விரைவாகவே கடந்துவிடுகிறோம்.

இவ்வரிகளை எழுதுபவனும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் கடந்து வந்தான். எழுபத்தொரு வயதில், மனைவியை இழந்த ஏழாம் மாதத்தில், ஒரு நாள் அந்தச் சருக்கத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. வெளியில் பேசக் கூச்சப்படும் ஒரு துன்பத்தைப் பற்றியது இது. நம்மைப் போன்ற முதியவர்களில் சிலருக்கும், நம் வீட்டு இளம் பிள்ளைகளில் சிலருக்கும் இந்தத் துன்பம் உள்ளே இருக்கக்கூடும். தன்னைத்தானே வருத்திக்கொள்ள வேண்டும், தன் வாழ்வைத் தானே முடித்துக்கொள்ள வேண்டும் என்று மனத்தில் எழும் உந்துதலே அது.

மாவீரனுக்கும் வந்த எண்ணம்

பதின்மூன்றாம் சருக்கத்தில் நிகழ்வது என்ன? இலங்கை முழுவதும் தேடியும் சீதாபிராட்டியைக் காணவில்லை. மாளிகைகள், மதுச்சாலைகள், மலர்க்கொடி மண்டபங்கள், இராவணனின் அந்தப்புரம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. களைத்துப்போன அனுமன் மதிலின் மேல் அமர்ந்து சிந்திக்கிறான். அந்தச் சிந்தனை எப்படிச் செல்கிறது என்பதை வால்மீகி முனிவர் படிப்படியாகக் காட்டுகிறார்.

பிராட்டி இறந்திருப்பாளோ என்று முதலில் ஐயுறுகிறான். இந்தச் செய்தியுடன் திரும்பினால் இராமன் உயிர் தரியான் என்று எண்ணுகிறான். இராமன் இல்லையேல் இலக்குவன் இல்லை. அவர்கள் இல்லையேல் பரதனும் சத்ருக்னனும் இல்லை. பிள்ளைகளை இழந்த தாயர் மூவரும் இல்லை. நன்றி மறவாத சுக்ரீவன் இல்லை. அவனைச் சார்ந்த உருமை, தாரை, அங்கதன் இல்லை. வானரக் குலமே இல்லை. ஒரே ஓர் ஐயம், சில கணங்களுக்குள் அயோத்தியையும் கிட்கிந்தையையும் சுடுகாடாக்கிவிட்டது. அவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் அக்கணத்தில் அனுமனின் மனம் எல்லாம் நடந்து முடிந்ததாகவே கண்டது. முடிவில், நான் திரும்பிப் போகாமல் இங்கேயே அழிந்துபோவதே நல்லது என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிடுகிறது.

அன்பர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த எண்ணம் யாருக்கு வந்தது? வாயுவின் மைந்தனுக்கு. புலன்களை வென்றவனுக்கு. புத்திமான்களில் சிறந்தவன் என்று நாம் நாள்தோறும் துதிப்பவனுக்கு. அவனுக்கே வந்தது என்றால், இப்படி ஓர் எண்ணம் வந்துவிட்டதென்பதற்காக ஒருவரைக் கோழை என்றோ, பக்தியில்லாதவர் என்றோ, பாவி என்றோ சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆதிகவி இதை மறைத்திருக்கலாம். தம் காவியத்தின் மாவீரனுக்கு இது இழுக்கு என்று கருதியிருக்கலாம். அவர் அப்படிக் கருதவில்லை.

அனுமன் என்ன செய்தான்?

அதே சருக்கத்தில், அதே மதிலின் மேல், அந்த எண்ணத்தையே அனுமன் திரும்பிப் பார்க்கிறான். அழிவதனால் விளையும் தீமைகள் பல. உயிரோடு இருப்பவனுக்கோ நன்மையைக் காணும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே உயிரைத் தரித்திருப்பேன் என்று முடிவு செய்கிறான். துயரம் அப்போதும் அவனை விட்டு நீங்கவில்லை. பிராட்டி கிடைத்துவிடவும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். இதுவரை அந்த எண்ணம் அவனைக் கொண்டுசென்றது. இப்போது அவன் அந்த எண்ணத்தைக் கையில் எடுத்து ஆராய்கிறான்.

அப்படி ஆராய்ந்த பிறகே அவன் கண்ணில் ஒன்று படுகிறது. உயர்ந்த மரங்கள் அடர்ந்த ஒரு வனம். அசோகவனம். இந்த இடத்தை நான் இன்னும் தேடவில்லையே என்கிறான்.

எத்தனையோ முறை படித்த இடம் அது. ஆனாலும் அன்று என் கண்ணில் நீர் பெருகியது. அந்த வனம் அப்போது புதிதாக முளைத்ததன்று. அவன் அழிவைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அங்கேயேதான் இருந்தது. எல்லாம் தேடியாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று மனம் சாதித்தபோது, தேடாத இடம் ஒன்று கண்ணெதிரே இருந்தது. துயரத்தின் உச்சியில் மனம் கூறும் கணக்கு தவறிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வனத்தைக் கண்டதும் அவன் தனியனாகக் கிளம்பிவிடவில்லை. வசுக்களையும் ருத்திரர்களையும் ஆதித்தர்களையும் அசுவினி தேவர்களையும் மருத்துக்களையும் வணங்குகிறான். இராம இலக்குவரையும் ஜானகியையும் வணங்குகிறான். தனக்குத் துணைவரக்கூடிய அத்தனை பேரையும் அழைத்துக்கொண்ட பிறகே எழுந்து செல்கிறான்.

நின்றான், எண்ணத்தை ஆராய்ந்தான், தேடாத இடத்தைக் கண்டான், துணையை அழைத்தான், எழுந்து நடந்தான். தன்னாய்வு என்னும் சாதனம் முழுவதும் இந்த வரிசைக்குள் அடங்கியிருக்கிறது.

என் வீட்டு மதில்

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகன் கடல் கடந்த நாட்டில் இருக்கிறான். மனைவி இருந்தவரை மாலையில் விளக்கேற்றும் வேளை எங்கள் இல்லத்தின் மங்கலமான நேரம். அவள் போன பிறகு அந்த வேளையே எனக்குப் பகையாகிவிட்டது. பகலில் கோயில், கடைவீதி என்று எப்படியோ பொழுது போய்விடும். இருள் சூழத் தொடங்கியதும், இனி யாருக்காக இருக்கிறாய் என்று ஒரு குரல் உள்ளே கேட்கத் தொடங்கும். முதலில் அது கேள்வியாக இருந்தது. நாளாக ஆக, கட்டளைபோல் ஒலித்தது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால் அஞ்சுவான். உறவினரிடம் சொன்னால், இத்தனை படித்தவர், இத்தனை பாராயணம் செய்தவர் இப்படிப் பேசலாமா என்பார்கள். தெய்வத்திடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. உணவில் நாட்டம் போயிற்று, உறக்கம் போயிற்று, மருந்துகளைக்கூட ஒழுங்காக உட்கொள்ளவில்லை. முதுமையில் இதெல்லாம் இயல்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை அந்தக் குரல் மிகவும் வலுத்தது. வழக்கம்போல் சுந்தரகாண்டத்தை விரித்தேன். அன்றைய முறை பதின்மூன்றாம் சருக்கம். அனுமனின் எண்ணச் சங்கிலியைப் படிக்கப் படிக்க, இது என் மனத்தின் நடையல்லவா என்று திடுக்கிட்டேன். புத்தகத்தை மூடாமல், விளக்கின் முன் உட்கார்ந்தபடியே, உள்ளே கேட்கும் குரலை முதன்முறையாக உற்றுக் கவனித்தேன்.

உன்னைத் தேடுவார் ஒருவரும் இல்லை என்றது அது. உண்மைதானா என்று கேட்டேன். சனிக்கிழமைதோறும் தமிழ் படிக்க வரும் அடுத்த தெருச் சிறுவன் நினைவுக்கு வந்தான். முந்தின வாரம் நான் கதவைத் திறக்கவில்லை. அவன் திண்ணையில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனதாகப் பூக்காரம்மாள் சொல்லியிருந்தாள். தேடுவார் ஒருவரும் இல்லை என்பது பொய் என்று அப்போது தெரிந்தது. இனி எதுவும் மாறாது என்றது குரல். மனைவி மீண்டு வரமாட்டாள் என்பது மெய். ஆனால் எதுவும் மாறாது என்பதை நான் எப்படி அறிவேன்? அனுமனும் அப்படித்தானே எண்ணினான்?

குரல் அடங்கிவிடவில்லை. ஆனால் குரல் வேறு, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நான் வேறு என்று ஒரு மெல்லிய இடைவெளி உண்டாயிற்று. அந்த இடைவெளியில் கைப்பேசியை எடுத்து, எங்கள் பாராயணக் குழுவைச் சேர்ந்த அன்பர் ஒருவரை அழைத்தேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனம் சரியில்லை, தனியாக இருக்க அச்சமாக இருக்கிறது என்று மட்டுமே சொன்னேன். ஏன், என்ன என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வாத்தியாரய்யா, வாசல் கதவைத் திறந்து வையுங்க. இதோ வந்துட்டேன்" என்றார்.

வந்தார். இரவு முழுவதும் உடன் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்; அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை என்னை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய் என்றும், சர்க்கரை, இரத்த அழுத்தம் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு என்றும் மருத்துவர் எடுத்துரைத்தார். மருந்தும் உரையாடலும் சில மாதங்கள் தொடர்ந்தன. இன்று விளக்கேற்றும் வேளை எனக்கு மீண்டும் விளக்கேற்றும் வேளையாகவே இருக்கிறது. மனைவியின் நினைவு வராமல் இல்லை. வருகிறது, அவளுடைய நினைவாக மட்டும் வருகிறது.

எண்ணத்தைப் பார்ப்பது எப்படி?

இதைப் படிக்கும் அன்பர்களில் எவருக்கேனும் அத்தகைய உந்துதல் எழுவதுண்டென்றால், என் அனுபவத்தாலும் மருத்துவர் சொல்லக் கேட்டதாலும் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, அந்த உந்துதல் அலை போன்றது. பெருகும்போது இனித் தணியவே தணியாது என்று தோன்றும். ஆயினும் அது தணியும். ஆகவே அலை உயர்ந்திருக்கும் நேரத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே மனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். இந்த நாழிகையைக் கடப்பேன் என்பது போதும். அடுத்த நாழிகையை அப்போது பார்த்துக்கொள்ளலாம். தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள்கள் எவையும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாதபடி அகற்றிவிட வேண்டும். பிறரிடம் ஒப்படைத்துவிடுவது இன்னும் நல்லது. அந்த இடத்தை விட்டு எழுந்து, மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். கோயில் பிராகாரமானாலும் சரி, அண்டை வீட்டுத் திண்ணையானாலும் சரி.

இரண்டாவது, எண்ணத்துக்குப் பெயரிட வேண்டும். "நான் பயனற்றவன்" என்பதற்கும், "நான் பயனற்றவன் என்ற எண்ணம் இப்போது எழுந்திருக்கிறது" என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கும்படி திருவண்ணாமலையில் பகவான் ரமணர் அடியார்களுக்கு உபதேசித்தார். அந்த விசாரணையின் முடிவிடம் மிக உயர்ந்தது; நம்மில் எல்லோருக்கும் அது உடனே எட்டாது. ஆனால் அதன் முதற்படி எளியவருக்கும் எட்டும். எண்ணம் என்பது என்னிடம் வந்து போகும் ஒன்று. அதுவே நான் ஆகிவிடாது என்று உணர்ந்தால் போதும்.

மூன்றாவது, எண்ணத்தின் அடியில் என்ன வலி இருக்கிறது என்று கேட்க வேண்டும். தனிமையா? நோயின் வேதனையா? யாரோ சொன்ன ஒரு சுடுசொல்லா? பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற குறுகலா? கடனா? வலியின் பெயர் தெரிந்துவிட்டால் அதற்குரிய மருந்தைத் தேட முடியும். வாழ்வே வேண்டாம் என்று கூறும் மனம், பல வேளைகளில், இந்த வலி வேண்டாம் என்றுதான் கூறுகிறது.

நான்காவது, தேடாத இடம் எது என்று கேட்க வேண்டும். மருத்துவரைப் பார்த்தோமா? மகளிடம் மனம்விட்டுப் பேசினோமா? பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பியை அழைத்தோமா? எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டேன் என்று மனம் கூறும்போது, ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தால் தட்டாத கதவு ஒன்றாவது தென்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தன்னாய்வு வேறு, தன்னைத் தானே குற்றம்சாட்டிக்கொண்டு உள்ளுக்குள் சுழல்வது வேறு. முன்னதில் சற்று நேரத்திலாவது மூச்சு இலகுவாகும். பின்னதில் அனுமன் கண்ட சங்கிலிபோல் ஒரு துயரம் ஒன்பது துயரங்களாகப் பெருகும். அப்படிப் பெருகுமானால், ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திவிட்டு உடனே ஒரு மனிதரை அழைக்க வேண்டும். மனமே ஒருவனுக்கு நண்பன், மனமே பகைவன் என்ற கருத்தைக் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் விளக்குகிறார். மனம் பகையாகி நிற்கும் வேளையில் அதனோடு தனியறையில் வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போர்க்களத்தில் கைகால் நடுங்கிய அர்ஜுனனும் தன் கலக்கத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கீதையே பிறந்தது.

மீண்டும் வந்தால்?

ஒருமுறை வென்றுவிட்டால் அந்த எண்ணம் திரும்ப வராதா? இதற்கும் சுந்தரகாண்டத்தில் விடை இருக்கிறது. ஐம்பத்தைந்தாம் சருக்கத்தைப் பாருங்கள். இலங்கைக்குத் தீயிட்ட பின், அந்தத் தீயில் பிராட்டியும் எரிந்திருப்பாளோ என்ற அச்சம் அனுமனைப் பிடிக்கிறது. தன் கோபத்தைத் தானே நிந்தித்துக்கொள்கிறான். உயிரை விட்டுவிடலாம் என்ற அதே எண்ணம் இரண்டாம் முறையும் எழுகிறது.

இம்முறையும் அவன் நின்று ஆராய்கிறான். என் வாலையே பிராட்டியின் அருளால் சுடாத நெருப்பு அவளை எப்படிச் சுடும் என்று தெளிகிறான். அப்போது வானில் செல்லும் சாரணர்கள், நகரமே எரிந்தும் ஜானகிக்கு ஒரு தீங்கும் இல்லை என்று வியந்து பேசுவது காதில் விழுகிறது. அத்துடனும் அமையாமல், நேரில் சென்று அவளைக் கண்டு வணங்கிய பிறகே கடலைக் கடக்கிறான்.

எண்ணம் மீண்டும் வருவது தோல்வியாகாது. முன்பு கடந்தவர் மீண்டும் கடக்கலாம். தன் உள்ளத்தை ஆராய்ந்த அனுமனுக்கும் பிறர் வாய்ச் சொல் தேவையாக இருந்தது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

மரத்தின் மேலிருந்து ஒரு மென்சொல்

இனி, துன்பம் நமக்கு இல்லாமல் நம் வீட்டில் வேறொருவருக்கு இருந்தால் என்ன செய்வது? பேரனோ பேத்தியோ சில நாள்களாக யாருடனும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கலாம். விருப்பமானவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிடலாம். நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று விளையாட்டுப்போல் சொல்லலாம். உள்ளத்தின் வலியைத் தாங்கமாட்டாமல் தம் உடலை வருத்திக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. இறக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலும் அப்படிச் செய்வதுண்டு. அதை நாடகம் என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது.

இதற்கு வழிகாட்டுவது முப்பதாம் சருக்கம். அசோகவனத்தில் பிராட்டி உயிரை விடத் துணிந்திருக்கிறாள். இராவணன் விதித்த தவணை இரண்டே மாதம். சுற்றிலும் அரக்கியரின் அச்சுறுத்தல். சிம்சுபா மரத்தில் மறைந்திருக்கும் அனுமன், இவளுக்கு ஆறுதல் சொல்லாமல் போனால் இவள் உயிர் தரிக்கமாட்டாள் என்று உணர்கிறான். உடனே கீழே குதித்துவிடவில்லை. எந்த மொழியில் பேசுவது, எப்படித் தொடங்குவது என்று எண்ணிப் பார்க்கிறான். பண்டிதர்போல் பேசினால் இராவணன் என்று அஞ்சுவாளே என்று தயங்கி, மக்கள் பேசும் இனிய மொழியைத் தேர்ந்துகொள்கிறான். தசரதன் கதையில் தொடங்கி, அவளுக்குப் பிரியமான இராமகதையை அவள் காதில் மட்டும் விழும்படி மெல்லச் சொல்கிறான்.

உயிரை விடுவது பாவம் என்று அவன் உபதேசிக்கவில்லை. உன் குலம் என்ன, உன் நிலை என்ன, நீ இப்படி எண்ணலாமா என்று கடிந்துகொள்ளவும் இல்லை. அவள் ஐயுற்றபோது பொறுமையாக விடையளித்தான். கேட்டதையெல்லாம் சொன்னான். நம்புவதற்கு ஓர் அடையாளமாகக் கணையாழியைத் தந்தான்.

நாமும் அப்படிச் செய்யலாம். அருகில் அமர்ந்து, "கண்ணு, கொஞ்ச நாளா உன் முகமே சரியில்லையே, தாத்தாகிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கேட்கலாம். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே மென்மையாகக் கேட்பதிலும் தவறில்லை. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடாது என்றும், உள்ளே அடைத்து வைத்திருப்பவருக்கு அது கதவைத் திறந்துவிடுவது போன்றது என்றும் மருத்துவர்கள் கூறுகிறார்கள். சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. உன்னைக் காக்க யார் தேவையோ அவர்களிடம் மட்டும் சொல்வோம், நான் உன்னுடன் இருப்பேன் என்று சொல்லலாம். தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தோஷ பரிகாரம், அர்ச்சனை, நேர்த்திக்கடன் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவற்றின் பொருட்டு மருத்துவத்தைத் தள்ளிப்போடக் கூடாது. சஞ்சீவி மலையைக் கொண்டுவந்த அனுமனை வழிபடும் நாம் மருந்தை வெறுக்கலாமா?

வெளியில் தெரிந்தால் காவல்துறை, வழக்கு என்று ஆகிவிடுமோ என்ற அச்சம் நம் தலைமுறையினர் பலருக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் அளிப்பதை அரசின் கடமையாகவும் வைத்திருக்கிறது. ஆகவே அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

ஒரு பழமொழி, இரண்டு வாய்

முடிக்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுமனைக் கண்டு தெளிந்த பிராட்டி, உலகத்தார் வழங்கும் பழமொழி ஒன்றை நினைவுகூர்கிறாள். உயிரோடு இருப்பவரை நெடுங்காலம் கழித்தேனும் இன்பம் வந்தடையும் என்பது அதன் கருத்து. இராமாயணத்தில் அதே பழமொழி இன்னொருவர் வாயிலும் வருகிறது. யுத்தகாண்டத்தின் இறுதியில் நந்திக்கிராமத்தில் காத்திருக்கும் பரதன், இராமன் வருகிறான் என்ற செய்தியைக் கேட்டதும் அதையே சொல்கிறான். கம்பநாட்டாழ்வார் காவியத்திலோ, குறித்த நாளில் அண்ணன் வரவில்லையே என்று பரதன் உயிர் துறக்கத் துணிந்துவிட்ட வேளையில் அந்தச் செய்தி வந்து சேர்கிறது.

இருவருக்கும் செய்தி கொண்டுவந்தவன் யார்? அனுமன்.

மதிலின் மேல் அந்த ஒரு நாழிகையை அவன் கடக்காதிருந்தால், அசோகவனத்தில் பிராட்டிக்குச் சொல்ல எவரும் இல்லை. நந்திக்கிராமத்தில் பரதனுக்குச் சொல்லவும் எவரும் இல்லை. அன்று அவன் தன் உயிரைக் காத்துக்கொண்டபோது, பின்னால் காக்கப்படவிருந்த உயிர்களை அவன் அறியான். நாமும் அறியோம். எந்தக் குழந்தை எந்தச் சனிக்கிழமையில் நம் திண்ணையில் வந்து அமரும் என்று யார் சொல்ல முடியும்?

என்னிடம் தமிழ் படித்த அந்தச் சிறுவன் இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். சென்ற மாதம் ஒரு நாள் பாடம் முடிந்தும் எழுந்து போகாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். தேர்வில் மதிப்பெண் குறைந்ததைப் பற்றி ஏதோ தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவனருகே நகர்ந்து அமர்ந்தேன். அன்று இரவு எட்டு மணி வரை அவன் பேசினான். பிறகு அவன் தாயாரை வரவழைத்து மூவருமாகப் பேசினோம்.

அன்பர்களே, அடுத்த முறை சுந்தரகாண்டத்தை விரிக்கும்போது பதின்மூன்றாம் சருக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நல்ல உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருக்கும்போதே படித்து வையுங்கள். இருள் சூழும் வேளை யாருக்கு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால், அசோகவனம் இன்னும் தேடப்படவில்லை என்பது நினைவில் இருக்கட்டும். வாசற்கதவும் திறந்திருக்கட்டும்.

*உடனடி உதவிக்கு: மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. முதியோருக்கான உதவி எண் 14567. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைக்கலாம். அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம்.*